அம்மாவின் ஆபீஸிலிருந்து பேசுகிறேன்

என் கணவர் ரஸ்ஸலின் கண்ணில் எதுவும் படாது. வரவேற்பறைத் திரைச்சீலையை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றி ஒரு குளிர்காலமே போன பிறகு, "இந்த ரூம்ல வெளிச்சம் குறைஞ்ச மாதிரி இல்ல?" என்று கேட்ட மனுஷன். நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்த அன்று, எதிரே உட்கார்ந்து சாப்பாடு முழுவதையும் முடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னார். இப்பேர்ப்பட்டவரை அரசாங்கம் முப்பது வருஷம் சம்பளம் கொடுத்து உளவுத்துறையில் வைத்திருந்தது. உலகமே தேடிக்கொண்டிருந்த ஒரு பயங்கரவாதத் தலைவனைக் கண்டுபிடித்த குழுவில் இவரும் இருந்தார் என்று ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சொன்னபோது, நான் சிரித்துவிட்டேன்.

துப்பாக்கியும் கார் துரத்தலுமாக எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மேசை வேலைதான். வந்து குவிகிற தகவல்களைப் படிப்பது, ஒரே வீடியோவை நூறு தரம் பார்ப்பது, கடைசியில் அந்த ஆள் இங்கே இருக்கக்கூடும் என்று ஒரு பக்கம் எழுதுவது. அந்தப் பக்கத்தின் அடியில் யார் பெயரும் இருக்காது. "நாங்கள் கருதுகிறோம்" என்றுதான் எழுதுவார்கள். எழுதி எழுதி அவருக்கு வீட்டிலும் அதே பேச்சாகிவிட்டது. சூப் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு என்பார்.

வாஷிங்டனுக்குப் பக்கத்தில் எங்கள் ஃபால்ஸ் சர்ச்சில் இப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்கு நாலாவது இருக்கும். விருந்தில் யாராவது "அரசாங்கத்துல வேலை" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டால், நாங்கள் அடுத்த கேள்வி கேட்கமாட்டோம். பேச்சை பேஸ்பாலுக்கு மாற்றிவிடுவோம்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. திடீரென்று யாராவது வீட்டுக்கு வரமுடியாமல் போனால், அவர் தானே வீட்டுக்குப் போன் செய்யமாட்டார். வீட்டாரிடம் பொய் சொல்லும்போது சொந்தக் குரல் காட்டிக்கொடுத்துவிடுமாம். அதனால் பக்கத்து மேசைக்காரர் செய்வார். எனக்கு வரும் போன் எப்போதும் டார்லீனுடையது. "ரஸ்ஸலோட ஆபீஸ்லேருந்து பேசறேன், மார்லா" என்று ஆரம்பிப்பாள். கார் பழுது, அவசரக் கூட்டம், கணக்குத் தணிக்கை என்று ஏதாவது வரும். எனக்கு அது பொய் என்று தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான் "சரி, நன்றி" என்பேன். ரஸ்ஸல் சட்டை மாற்றிக்கொண்டாரா என்று கேட்பேன். அதற்கு மட்டும் உண்மையைச் சொல்வாள். இப்படித்தான் அவள் எனக்குச் சிநேகிதியானாள்.

டார்லீன் வீட்டுக்குப் போன் செய்யும் வேலை ரஸ்ஸலுடையது. அவள் விவாகரத்தாகி மகளைத் தனியாக வளர்த்தவள். அங்கே போனை எடுப்பது அந்தப் பெண் கெல்சியாகத்தான் இருக்கும்.

எல்லாரும் ஓய்வு பெற்று, அந்தத் தலைவனின் கதையும் செய்தித்தாள்களில் பழசாகிப் போன பிறகு, டெவின் என்ற இயக்குநர் வந்து சேர்ந்தார். எப்போதும் கறுப்புச் சட்டை, எப்போதும் மரியாதை. அந்தத் தலைவனைத் தேடிய மேசைக்காரர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாராம். ஆபீஸில் ஒரு தணிக்கைக் குழு உண்டு; யார் என்ன பேசலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். ரஸ்ஸல் முகம் காட்டிப் பேசலாம் என்றார்கள். டார்லீன் முகம் காட்டக்கூடாது, ஆனால் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசலாம், முதல் பெயரையும் சொல்லலாம் என்றார்கள்.

இதை டார்லீனே எங்கள் சமையலறையில் எங்கள் இருவரோடும் உட்கார்ந்து சொன்னாள். வந்தது அதற்கு மட்டும் அல்ல என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கெல்சி கல்யாணத்துக்கு நான் போகல, ஞாபகம் இருக்கா?" என்றாள். "ஆபீஸ்ல தணிக்கைன்னு சொன்னேன். பெத்த அம்மா, மக கல்யாணத்துக்கு, கணக்குத் தணிக்கைன்னு வராம இருந்திருக்கேன். அதுலேருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அவ்வளவுதான். நானா இப்பப் போய் விளக்கினா அதுவும் ஒரு சாக்காத்தான் படும். வேற ஒருத்தர் சொல்லி அவ கேக்கணும், ரஸ்."

"படத்துல நான் சொல்றேன்" என்றார் ரஸ்ஸல். "அந்த வாரம் நீ என்ன பண்ணினேன்னு முழுசாச் சொல்லிடறேன். உன் பேரோட."

அப்படி என்னதான் பண்ணினாய் என்று நான் கேட்டேன். டார்லீன் சிரித்துக்கொண்டே, படத்தில் பார்த்துக்கொள் என்றாள். அனுமதி கிடைத்த பிறகும் அவளுக்கு வாய் வரவில்லை. போகும்போது ரஸ்ஸலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதற்கும் யாரையும் கேட்டறியாதவள் அவள்.

படப்பிடிப்பு அன்று காலையில் ரஸ்ஸலின் சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். கூடவே புத்தியும் சொன்னேன். நாங்கள் கருதினோம், நாங்கள் மதிப்பிட்டோம் என்று அங்கே போய் இழுக்காதே, கேட்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள், வாழ்க்கையில் ஒருதரமாவது நான் செய்தேன் என்று தைரியமாகச் சொல்லிவிட்டு வா என்றேன். பெண்டாட்டி சொன்ன எதையும் இதுவரை கேட்டிராதவர், அன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்தார்.

படத்தின் முதல் காட்சி ஆர்லிங்டனில் ஒரு சின்னத் தியேட்டரில், சனிக்கிழமை மதியம். நான் யாரை அழைக்கவில்லை என்று கேளுங்கள். தெருக்காரர்கள், சர்ச்சில் என்னோடு பாடுகிறவர்கள், பல் டாக்டர், அவருடைய மனைவி. புது உடுப்பு போட்டுக்கொண்டு வாசலில் நின்று, கல்யாண வீட்டுக்காரி மாதிரி எல்லாரையும் வரவேற்றேன். முப்பது வருஷம் "எங்க வீட்டுக்காரருக்கு அரசாங்கத்துல வேலை" என்று சொல்லிச் சொல்லி வாய் காய்ந்தவள். அன்றைக்குக் கொஞ்சம் ஆடினேன்.

டார்லீன் கெல்சியை அழைத்துக்கொண்டு வந்தாள். கெல்சி ஓரிகனிலிருந்து விமானத்தில் வந்திருந்தாள். நெடுநெடுவென்று அம்மாவைவிட உயரம். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒரு விஷயம் புரியணும்னா இந்தப் படத்தை வந்து பாருன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். "என்ன விஷயம்னு கேட்டா சொல்லமாட்டேங்கறாங்க. வழக்கம்போல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபம் இருந்தது, ஆனால் வந்திருக்கிறாள். டார்லீன் உதட்டுக்குச் சாயம் பூசியிருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

அவர்கள் இருவரும் எனக்கு நேர் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ரஸ்ஸல் எனக்குப் பக்கத்தில். விளக்கு அணைந்தது.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். ரஸ்ஸலின் முகம் திரை முழுக்க வந்தபோது தெருக்காரர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தத் தலைவன் மலையில் ஏதோ குகையில் ஒளிந்திருக்கிறான் என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தைப் பற்றி முதலில் சொன்னார்கள். பிறகு அவன் வெளியிட்ட இரண்டு வீடியோக்களை, வந்த வருஷத்தைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் ரஸ்ஸல் பேச ஆரம்பித்தார்.

பழைய வீடியோவில் அவனுடைய மூக்குக் கண்ணாடியைப் பாருங்கள் என்றார். காதில் மாட்டும் கம்பி ஒடிந்து, ஏதோ நூலால் கட்டியிருக்கிறது. புது வீடியோவில் அதே கண்ணாடிக்குப் புதுக் கம்பி, சரியாகப் பொருத்தியது. குகையில் கண்ணாடிக் கடை கிடையாது. அப்படியானால் அவன் மலையிலிருந்து இறங்கிவிட்டான். கண்ணாடிக் கடை இருக்கிற ஒரு ஊரில், அந்தக் கடைக்கு ஆளனுப்பக்கூடிய தூரத்தில் இருக்கிறான். அங்கிருந்துதான் தேடல் திசை மாறியது.

"அதை முதலில் கவனித்தது யார்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து டெவினின் குரல் கேட்டது.

ரஸ்ஸல் கொஞ்சம் யோசித்தார். "நான்" என்றார். "ஹாலோவீன் அன்னிக்கு. ஆபீஸ்ல யாரும் இல்ல, எல்லாரும் பிள்ளைங்களோட வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் உக்காந்து ரெண்டு வீடியோவையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டிருந்தேன்."

திரைச்சீலை மாறியதே தெரியாத மனுஷன் கண்ணாடிக் கம்பியைக் கவனித்தாரா என்றுதான் முதலில் நினைத்தேன், பெருமையோடுதான். அதற்குப் பிறகுதான் ஹாலோவீன் என்ற வார்த்தை என் காதில் நிஜமாக விழுந்தது.

அந்த வருஷம் ஹாலோவீனுக்கு ரஸ்ஸல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிட்னியில் கல். அதற்கு முந்தைய வாரமே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தோம்; வலியில் என் கையைப் பிடித்து நசுக்கிய தடம் வெகுநாள் இருந்தது. அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, டார்லீன் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய டியூனா மீன் போட்டுச் சுட்ட கேசரோலோடு வாசலில் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. தலை வாரி எத்தனை நாளாயிற்றோ. ஆனால் காரணம் இல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். நீ போ, மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் இருந்து கொடுக்கிறேன் என்றாள். கெல்சியின் கல்யாணம் போன சனிக்கிழமைதானே என்று எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்து கேட்டேன். கல்யாணம் முடிந்துவிட்டது, தான் போகவில்லை என்றாள். ரஸ்ஸல் இல்லாமல் மேசை காலியாகக் கிடந்தது, இன்னொரு ஆள் இல்லை என்றாள். நான் அவசரத்தில் இருந்தேன். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன்.

அவள் மூக்குக் கண்ணாடியின் கம்பி ஒடிந்து, வெள்ளை டேப் சுற்றியிருந்தது. கடைக்குப் போக நேரமில்லை என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ரஸ்கிட்ட சொல்லு, சீக்கிரம் எழுந்து வரச்சொல்லு. அவனுக்கு ஒண்ணு காட்டணும்." இவ்வளவும் எனக்கு ஒன்றுவிடாமல் அந்த இருட்டில் ஞாபகம் வந்தது.

ஆபீஸ் தேதி எதுவும் வீட்டில் யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் அந்த ஏற்பாட்டிலேயே வாழ்ந்த மனுஷன், எந்தத் தேதியைச் சொன்னாலும் கேட்க ஆளில்லை என்று பழகிவிட்டார். ஹாலோவீன் ஆபீஸ் தேதியில்லை, வீட்டுத் தேதி என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ரஸ்ஸல் திரையைப் பார்க்கவில்லை. மடியில் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் டார்லீனின் தலை அப்படியே இருந்தது. அந்தக் காட்சி முடிந்து வேறு ஆட்கள் வந்து பேசினார்கள். அவள் இன்னும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். இனிமேலாவது தன் பெயர் வரும் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். ரஸ்ஸல் திரையில் தலைகாட்டியபோதெல்லாம் கெல்சி அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடைசியில், பெயர் சொல்ல முடியாத அனைவருக்கும் நன்றி என்று எழுத்து வந்து படம் முடிந்தது. கெல்சி குனிந்து அம்மாவிடம் ஏதோ கேட்டாள். டார்லீன் இல்லை என்று தலையசைத்தாள். எனக்கு முகம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்தப் பல் டாக்டர் எனக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்.

டெவின் மேடைக்கு வந்தார். ரஸ்ஸலை அழைத்து நிறுத்திக் கைதட்டல் வாங்கிக்கொடுத்தார். கேள்விகள் வந்தன. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, இவருடைய மனைவியும் இங்கே இருக்கிறார் என்றார். யாரோ என் கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"மிஸஸ் ஹேவர்ட்டி, அந்த ஹாலோவீன் அன்னிக்கு உங்க கணவர் வீட்டுக்கு வரல. உங்ககிட்ட என்ன காரணம் சொன்னாங்க?"

எழுந்து நின்றேன். இரண்டு வார்த்தை போதும். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், கண்டுபிடித்தவள் இதோ முன்வரிசையில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மேடையில் ரஸ்ஸல் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறேன். தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னுடைய தெரு, நான் அழைத்துவந்த ஜனம்.

"கார் ரிப்பேர்னு சொன்னாங்க" என்றேன். "நானும் நம்பிட்டேன்."

தியேட்டரே சிரித்தது. கைதட்டினார்கள். டார்லீன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் முதல் போனைச் சரியாகப் பேசி முடித்தால் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு அவளும் கைதட்டினாள். என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படி அறைந்ததில்லை.

வாசலில் கெல்சி ரஸ்ஸலுக்குக் கைகொடுத்து, நீங்கள் செய்ததற்கு நன்றி, இத்தனை நாளும் தெரியாமல் போயிற்று என்று மனசாரச் சொன்னாள். டார்லீன், "நல்லா பேசின, ரஸ்" என்றாள். நால்வரும் ஒரு நிமிஷம் நின்றோம். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

காரில் ஏறியதும் ரஸ்ஸல், தணிக்கையில் வெட்டிவிட்டார்கள் என்றார்.

"அவ பேரைச் சொல்ல அனுமதி இருக்குன்னு நம்ம கிச்சன்ல உக்காந்து அவளே சொன்னா" என்றேன். "யாரை ஏமாத்தற? கிட்னில கல்லு இருந்தது உனக்கா எனக்கா?"

ரஸ்ஸல் எங்கள் திருப்பத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போனார். பிறகு சொன்னார். டெவின் கேட்டபோது டார்லீன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாராம். அந்த விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது, நான் என்று வந்துவிட்டதாம். வந்த பிறகு அது அவ்வளவு நன்றாக இருந்ததாம். அடுத்த வாரம் டெவினைக் கூப்பிட்டுத் திருத்திவிடலாம் என்று நினைத்து, நினைத்து, படமே முடிந்துவிட்டதாம்.

"தைரியமா நான்னு சொல்லுன்னு நீதானே சொன்ன" என்றார் கடைசியில்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவேன் என்று கத்தினேன். ஆனால் அதில் பாதி நிஜம் இருந்தது. மைக் என் கையில் இருந்ததும் நிஜம். அவரைத் திட்டத் திட்ட என் குரலே எனக்கு அசிங்கமாகக் கேட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து டார்லீனின் வயிற்றில் அடித்திருக்கிறோம்.

மறுநாள் காலையில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து டார்லீனின் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தேன். அந்த ஹாலோவீன் அன்றைக்கு வந்தது இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் கிடந்தது. அடியில் வெள்ளை டேப்பில் அவள் பெயர். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குக் கேசரோல் கொண்டுபோனாலும் பாத்திரம் திரும்பி வரவேண்டுமென்று இப்படி எழுதி ஒட்டிக்கொள்வோம். திருப்பிக் கொடுப்பதைக்கூட நான் செய்யவில்லை. ரஸ்ஸலின் கையில் அதைக் கொடுத்து, கெல்சி புதன்கிழமை வரை இருப்பாள், நேரில் சொல்லிவிடு என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

டார்லீன் கதவைத் திறந்தாள். உதட்டுச் சாயம் இல்லை. பின்னால் வீடு அமைதியாக இருந்தது.

"கெல்சி?" என்றேன்.

"ஏர்போர்ட்டுக்குப் போயிட்டா. டிக்கெட்டை மாத்திக்கிட்டா." பாத்திரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இதையா? தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சேன்." எங்களை உள்ளே வரச்சொன்னாள்.

சமையலறை மேசையில் உட்கார வைத்துக் காப்பி போட்டுக்கொண்டே சொன்னாள். முந்தின நாள் காரில் அவளே மகளிடம் சொல்லிப் பார்த்தாளாம். அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்தது நான், அதனால்தான் உன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று. கெல்சி காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாளாம்.

"'இப்பத்தானே ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து படம் பாத்தோம்மா'ன்னா. 'இன்னொருத்தர் செஞ்சதைக்கூட எடுத்துச் சாக்காச் சொல்லுவியா'ன்னா." டார்லீன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "அவ மேல தப்பில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்."

ரஸ்ஸல் எழுந்து நின்றார். நம்பரைக் கொடு என்றார். டார்லீன் வேண்டாம் என்றாள். இவர் கெஞ்சினார். அந்த மனுஷன் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கடைசியில் அவளே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் போனை மேசை நடுவில் வைத்தாள். கெல்சி எடுத்தாள். பின்னால் விமான நிலைய இரைச்சல்.

"கெல்சி, அம்மாவோட ஆபீஸ்லேருந்து பேசறேன்" என்று ஆரம்பித்தார் ரஸ்ஸல். நாக்குப் பழக்கம். உடனே திருத்திக்கொண்டார். "நான் ரஸ்ஸல் ஹேவர்ட்டி. நேத்து படத்துல நான் சொன்னது பொய். அந்தக் கண்ணாடியைக் கவனிச்சது நான் இல்ல, உன் அம்மா. அன்னிக்கு நான் ஆஸ்பத்திரில கிடந்தேன். என் வேலையையும் சேர்த்துப் பாக்க ஆளில்லாமத்தான் அவ உன் கல்யாணத்துக்கு வரல. பேரும் புகழும் கிடைக்குதுன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

நானும் குனிந்து, "நான் சாட்சி, கெல்சி. அன்னிக்கு இவர் கிட்னில கல்லோட படுத்திருந்தார். நேத்து மைக்குல நான் சொன்னதும் பொய்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ அறிவிப்பு ஒலித்துக்கொண்டிருந்தது.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றாள் கெல்சி.

"இருக்கேன்."

"நேத்து நான் பேசினது ஜாஸ்திதான். மன்னிச்சுக்கோ. ஆனா அதுக்காக இவங்களைக் கூப்பிட்டுப் பேச வெச்சிருக்க வேண்டாம்மா."

"நான் கூப்பிடல, கெல்சி."

"சரிம்மா" என்றாள்.

அந்த "சரி" எனக்குத் தெரியும். டார்லீன் போனில் கார் பழுது என்று சொல்லும்போதெல்லாம் நான் நம்பாமல் சொன்ன அதே "சரி".

"மிஸ்டர் ஹேவர்ட்டி, உங்க குரல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் கெல்சி. குரலில் கோபமே இல்லை. "ஸ்கூல் நாடகத்துல எனக்கு முக்கியமான வேஷம். வாசல்லயே நின்னுட்டிருந்தேன். நீங்க போன் பண்ணி, அம்மா கிளம்பிட்டாங்க, வழியில கார் நின்னுபோச்சுன்னு சொன்னீங்க. எந்தப் பாலத்துக்குப் பக்கத்துலன்னுகூடச் சொன்னீங்க. அப்பவும் இதே மாதிரி, நிஜமாவே வருத்தப்படற மாதிரிதான் பேசினீங்க. நீங்கள்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் எவ்வளவு செய்றீங்க. சின்ன வயசுல எனக்கு அது புரியல. நீங்க ரொம்ப நல்லவர், மிஸ்டர் ஹேவர்ட்டி. படத்துல உங்களைப் பாத்துப் பெருமையா இருந்துச்சு."

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி, அவள் வைத்துவிட்டாள்.

மேசையில் போனின் வெளிச்சம் அணைந்தது. ரஸ்ஸல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் டார்லீனைப் பார்க்க முடியாமல் அந்தப் பாத்திரத்தின் அடியில் இருந்த டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெட்டிக்காரி" என்றாள் டார்லீன். "பாலத்தைக்கூட ஞாபகம் வெச்சிருக்கா."

அவள் காப்பியை ஊற்றினாள். ரஸ்ஸலுக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். கோப்பையை அவர் கைக்கெட்டும் இடத்தில் நகர்த்தி வைத்தாள். நாங்கள் இருவரும் அந்தக் காப்பியைக் குடித்தோம். வேண்டாம் என்று எழுந்து வருவதற்கும் எங்களுக்கு யோக்கியதை இருக்கவில்லை.